அண்ணாசாலையின் இரு காப்பீட்டு மாளிகைகள்

சென்னை அண்ணாசாலையில் ஒரே நிறுவனத்தின் கைக்கு வந்த இரண்டு கட்டடங்கள். ஒன்றை ஊரே அறியும். மற்றொன்றைக் கடந்து போகிறவர்கள் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

எல்.ஐ.சி. கட்டடம் 1959 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. உயரம் 177 அடி. அப்போது நாட்டிலேயே அதைவிட உயர்ந்த அலுவலகக் கட்டடம் இல்லை. ஆனால் அதைத் தொடங்கியது எல்.ஐ.சி. அல்ல. இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை நிறுவிய எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார், தம் யுனைடெட் இந்தியா ஆயுள் காப்பீட்டு நிறுவனத்துக்காக எழுப்பத் தொடங்கிய மாளிகை அது. 1954இல் சிங்கப்பூர் விமான விபத்தில் அவர் இறந்தார். 1956இல் ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. அரைகுறையாக நின்ற கட்டடமும் கைமாறியது. கனவு கண்டவர் குடியேறவே இல்லை என்பது எனக்கு இன்றும் வலிக்கிறது. கட்டடமோ 1975 தீ விபத்தையும் தாங்கி, அலுவலகமாகவே தொடர்கிறது.

பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் 1897இல் டபிள்யூ.ஈ. ஸ்மித் என்ற மருந்து வணிக நிறுவனத்துக்காக எழுந்தது. வளைவுகளும் கூர்கோபுரங்களுமாக, இந்திய, இஸ்லாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ-சாரசெனிக் பாணி. பின்னர் பாரத் காப்பீட்டு நிறுவனத்திடமும், அதன்பின் எல்.ஐ.சி.யிடமும் வந்தது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். மரபுக் காவலர்கள் நீதிமன்றம் சென்று தடுத்தார்கள்.

உயரத்தில் எல்.ஐ.சி.தான். கைவேலைப்பாட்டில் பழையதற்கே என் வாக்கு. சென்னைக்கு வருபவருக்கு ஒன்றைப் பார்க்கத்தான் நேரம் என்றால், அந்தப் பழையதையே காட்டுவேன்.