சொலின்ஸ்ட் 122 இன்டர்ஃபேஸ் மீட்டர்: டர்பன் கராஜ்களுக்கு எவ்வளவு உதவும்?

பெட்ரோல் கராஜின் நிலத்தடி டேங்க் கசிகிறதோ என்ற சந்தேகம் வந்தால், சுற்றியுள்ள கண்காணிப்புக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறதா, அந்தப் படலம் எவ்வளவு கனம் (தடிமன்) என்று முதலில் அளக்க வேண்டும். இந்த மீட்டர் அந்த ஒரு வேலைக்கே ஆனது. அதை மிக நன்றாகச் செய்கிறது. ஆனால் மீட்டரில் எண்ணெய்க்கான ஒலி வரவில்லை என்பதை மட்டும் வைத்து ‘மாசு இல்லை’ என்று அறிக்கை எழுதிக் கொடுப்பதை ஏற்கவே முடியாது.

டேப்பின் முனையில் கிணற்றுக்குள் இறங்கும் சென்சார் பகுதியான ப்ரோப்பின் விட்டம் 16 மில்லிமீட்டர். 50 மில்லிமீட்டர் பிவிசி கிணற்றில் தாராளமாக இறங்கும். நுனியில் உள்ள அகச்சிவப்பு ஒளி, தொட்டது காற்றா திரவமா என்று பார்க்கிறது. அந்தத் திரவம் தண்ணீரா எண்ணெயா என்பதை மின்கடத்தல் காட்டிக்கொடுக்கிறது. எண்ணெயில் ஒலி விடாமல் வரும், தண்ணீரில் விட்டுவிட்டு வரும். 1 மில்லிமீட்டர் வரை துல்லியம். டர்பனின் மெர்பேங்க், மொபெனி பக்கத்துத் தாழ்நிலத்தில் தண்ணீர் மேலாகவே கிடைப்பதால் 30 மீட்டர் டேப்பே போதும்.

கிணற்றின் மூடியைத் திறப்பதற்கு முன், மின்பொறி வராமல் தடுக்கும் எர்த் கிளிப்பை நிலத்தோடு தொடர்புள்ள இரும்பில் மாட்டுங்கள். உள்ளே இருப்பது பெட்ரோல் ஆவி. பிறகு ப்ரோப்பை மெதுவாக இறக்கி, ஒலி தொடங்கும் ஆழத்தைக் குழாய் விளிம்பில் குறித்த புள்ளியிலிருந்து படியுங்கள். அது எண்ணெயின் மேல்மட்டம். தண்ணீர் மட்டத்தை இறங்கும்போது படிக்கக் கூடாது. எண்ணெயைக் கடந்து போகையில் சென்சாரில் பிசுக்கு ஒட்டிக்கொள்வதால் தண்ணீர் வந்தது தாமதமாகத்தான் தெரியும், எண்ணெய்ப் படலம் உண்மையில் இருப்பதைவிடக் கனமாகத் தெரியும். தண்ணீருக்குள் நன்றாக இறக்கி லேசாக ஆட்டிவிட்டு, மேலே இழுக்கும்போது ஒலி மாறும் இடத்தைப் படியுங்கள்.

மிதக்கும் எண்ணெய் கிணற்றுத் தண்ணீரைக் கீழே அழுத்துவதால் நீர்மட்டத்தைத் திருத்த வேண்டும்; இந்தக் கணக்கைப் பலர் விட்டுவிடுகிறார்கள். எண்ணெய் 3.42 மீட்டரிலும் தண்ணீர் 3.57 மீட்டரிலும் இருந்தால் கனம் 0.15 மீட்டர். பெட்ரோலின் ஒப்படர்த்தி (தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஏறத்தாழ 0.74, கனத்தோடு பெருக்கினால் 0.111. அதை 3.57 இலிருந்து கழித்தால் உண்மையான நீர்மட்டம் 3.459 மீட்டர். திருத்தாமல் விட்டால் அந்தக் கிணற்றில் நீர்மட்டம் 11 சென்டிமீட்டர் தாழ்ந்ததாகத் தெரியும், வரைபடத்தில் நிலத்தடி நீர் டேங்க் பக்கமே ஓடுவதுபோல் அம்பு திரும்பிவிடும். கசிவு உண்மையில் போகும் பக்கத்து வீடுகளை யாரும் சோதிக்கமாட்டார்கள். டீசலுக்கு 0.84 என்று வைத்துக்கொள்ளலாம். கிணற்றில் தெரியும் கனம் மண்ணுக்குள் இருப்பதைவிடக் கூடுதல் என்பதும் நினைவில் இருக்கட்டும். களிமண் கலந்த இடத்தில் இந்த வேறுபாடு பெரிது.

கருவியைக் குறை சொல்ல முடியாத, ஆனால் அளவையே பாழாக்கும் விஷயம் கிணற்றின் அமைப்பு. துளையிட்ட குழாய்ப் பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழுமாக நீள வேண்டும். டர்பனில் கோடை மழைக்குப் பின் நீர்மட்டம் துளைகளுக்கு மேலே ஏறிவிட்டால், வெளியே மிதக்கும் எண்ணெய்க்கு உள்ளே வர வழியே இல்லை. மீட்டர் தண்ணீரை மட்டும் காட்டும். ஆகவே கிணறு தோண்டியவரின் பதிவேட்டை வாங்காமல் அளவை நம்பாதீர்கள். மழைக்குப் பிறகு ஒருமுறை, வறண்ட குளிர்காலத்தில் ஒருமுறை அளப்பது அவசியம்.

பழைய, கெட்டியான டீசல் நுனியில் ஒட்டினால் வெளியே எடுத்த பிறகும் ஒலி நிற்காது. பாஸ்பேட் இல்லாத சோப்பு, பிறகு காய்ச்சி வடித்த தண்ணீர், இவை போதும். அசிட்டோன் வேண்டாம். எப்போதும் சுத்தமான கிணற்றில் தொடங்கி மோசமான கிணற்றில் முடியுங்கள். சில மில்லிமீட்டர் படலம் என்று காட்டினால் ஒளி ஊடுருவும் பெய்லர் (மாதிரி எடுக்கும் குழாய்) இறக்கிக் கண்ணால் பாருங்கள்.

பெட்ரோலில் உள்ள நச்சுப்பொருளான பென்சீன் தண்ணீரில் கரைந்திருந்தால் இந்த மீட்டர் அறியாது. குடிநீரில் உலகச் சுகாதார நிறுவனம் வைத்த வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம், அதற்குப் பலமடங்கு மேலே இருந்தாலும் எண்ணெய்க்கான ஒலி வராது. 40 மில்லிலிட்டர் குப்பியில் காற்றுக்குமிழி இல்லாமல் நிரப்பி, அமிலம் சேர்த்து, 4 டிகிரி குளிரில் ஆய்வகத்துக்கு அனுப்பியாக வேண்டும். 14 நாளுக்குள் சோதித்தாக வேண்டும். மண் மாதிரி தனி. 2014 மே 2 அன்று வந்த தென்னாப்பிரிக்க மாசுநில விதிகள் மண்ணில் பென்சீனுக்கு வைத்த முதல்நிலை வரம்பு கிலோவுக்கு 0.03 மில்லிகிராம். இங்கே ஈயம் கலந்த பெட்ரோல் 2006 ஜனவரியில்தான் நின்றது என்பதால், அதற்கு முன் புதைத்த டேங்க் இருந்தால் ஈயத்தையும் பட்டியலில் சேருங்கள்.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் குடிநீர் நிலையம் சேதமாகிக் குழாய்த் தண்ணீர் நின்றுபோனதை நாம் பார்த்தோம். குழாய் வராத நாளில் கை வீட்டுப் போர்ஹோலைத்தான் (ஆழ்துளைக் கிணற்றை) தேடும். கராஜுக்குப் பக்கத்தில் போர்ஹோல் வைத்திருப்பவர்கள், மீட்டர் அளவோடு ஆய்வக அறிக்கையையும் கேட்டு வாங்குங்கள்.

பல இடங்களில் அளக்கும் நிறுவனத்துக்கு இந்த மீட்டர் தயங்காமல் வாங்கவேண்டிய ஒன்று. ஒரே கராஜ் நடத்துபவர் வாங்க வேண்டாம். அந்தப் பணத்தை ஆய்வகச் சோதனைக்குச் செலவிடலாம்.