போர்ச்சுகல் கால்பந்து அணியின் தடுப்பாட்டக்காரர்களில் யார் மேல்: கார்வால்யோவா, பெப்பேயா?
2004இல் போர்ட்டோ கழகத்துடன் ஐரோப்பியக் கழகங்களுக்கான சாம்பியன்ஸ் லீக்கை வென்ற ரிக்கார்டோ கார்வால்யோ, பந்து வரும் திசையை முன்கூட்டியே கணித்து, மோதலின்றி அதைப் பறிப்பதில் வல்லவர். 2004-05 பருவத்தில் இங்கிலாந்துக் கழகமான செல்சி 38 லீக் ஆட்டங்களில் 15 கோல்களே விட்டுக்கொடுத்ததில் அவருக்கும் சக தடுப்பாட்டக்காரர் ஜான் டெர்ரிக்கும் பெரும் பங்குண்டு. பிரேசிலில் பிறந்து போர்ச்சுகலுக்காக 141 ஆட்டங்கள் ஆடிய பெப்பேயோ வேகத்தையும் உடல்வலிமையையும் நம்பியவர். முரட்டுத்தனம் அவர் பெயரைப் பலமுறை கெடுத்ததை மறுக்க முடியாது.

நுட்பத்தில் கார்வால்யோவே மேலானவர் என்றாலும், தேசிய அணிக்கு என் தேர்வு பெப்பேதான். 2016 யூரோ (ஐரோப்பிய நாடுகளுக்கான கோப்பை) இறுதியாட்டத்தில், ரொனால்டோ காயத்தால் தொடக்கத்திலேயே வெளியேறிய பின்னும், சொந்த மண்ணில் ஆடிய பிரான்சைக் கூடுதல் நேரம் உட்பட 120 நிமிடங்களும் கோலடிக்க விடாத தடுப்பு வரிசையை வழிநடத்தி ஆட்டநாயகன் விருதைப் பெற்றவர் அவர். 41 வயதிலும் 2024 யூரோவில் களமிறங்கினார்.