1,450 டாலருக்குக் 'கைவேலை' பிளிண்ட்லாக் வாங்க நினைப்பவர்களின் கவனத்துக்கு

நான் பென்சில்வேனியாவின் கிழக்குப் பகுதியில் பதினாறு ஆண்டுகளாக வசிக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் தொடங்கி ஜனவரி நடுப்பகுதி வரை இந்த மாநிலத்தில் மான் வேட்டைக்கென்று ஒரு தனிப் பருவம் உண்டு. 1974 முதல் நடந்துவரும் அந்தப் பருவத்துக்குரிய அனுமதிச் சீட்டை வைத்திருப்பவர், 'குதிரை' எனப்படும் சுத்தியல் போன்ற உறுப்பில் சிக்கிமுக்கிக் கல்லைப் பூட்டித் தீப்பொறி உண்டாக்கிச் சுடும் பிளிண்ட்லாக் துப்பாக்கியைத்தான் காட்டுக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். ஓய்வுபெற்ற பக்கத்து வீட்டுக்காரர் தம் துப்பாக்கி ஒன்றை மூன்று பருவங்கள் எனக்கு இரவல் தந்தார். நான்காம் ஆண்டு எனக்கென்று ஒன்று வேண்டும் என்ற ஆசை வந்தது. ஆலையில் செய்தது வேண்டாம், ஒருவர் தம் கையால் செய்ததாக, ஆனால் கட்டுப்படியாகும் விலையில் இருக்க வேண்டும் என்று தேடினேன். நான் ஏமாந்தது அந்த 'ஆனால்' என்ற சொல்லில்தான்.

இணைய விளம்பரத்தில் கண்டது இது: லான்காஸ்டர் (எங்கள் மாநிலத்தின் பழைய துப்பாக்கிக் கொல்லர்களின் வட்டாரம்) பாணி நீள் துப்பாக்கி, 50 காலிபர் (குழலின் உள்விட்டம் அரை அங்குலம்), 42 அங்குல நீளத்தில் அடியில் தடித்து நடுவில் மெலிந்து வாயருகே மீண்டும் சற்று விரியும் குழல், ஒரே துண்டாகக் கடைந்த கர்லி மேப்பிள் மரக்கட்டை, சைலர் வகை விசைப்பூட்டு (கல்லை எஃகில் உரசவைத்துப் பொறி உண்டாக்கும் அமைப்பு), ஒரே கைவினைஞர் தம் பட்டறையில் முழுதும் செய்தது, விலை 1,450 டாலர். படங்கள் கண்ணைப் பறித்தன. கன்னம் பதியும் இடத்தில் செதுக்கிய சுருள் வேலையும், கட்டையின் வலப்புறத்தில் பித்தளை மூடியிட்ட சிறு பெட்டியும் பதினெட்டாம் நூற்றாண்டு லான்காஸ்டர் கொல்லர்களின் கைவண்ணத்தை நினைவூட்டின. அந்தப் படங்கள் வேறொருவர் செய்து ஏலத்தில் விற்ற துப்பாக்கியுடையவை என்பதைப் பிறகுதான் கண்டுபிடித்தேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'கையால் செய்தது' என்றால் குழல் முதல் திருகாணி வரை ஒருவரே அடித்து வார்த்தது என்று பொருள் இல்லை. வர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க் அருங்காட்சியகப் பட்டறையில் இரும்புப் பட்டையைச் சூடாக்கிச் சுருட்டிக் குழலாக்கும் வித்தையை இன்றும் செய்கிறார்கள் என்றாலும், அது விதிவிலக்கு. அந்தக் காலத்து லான்காஸ்டர் கொல்லர்களே பலவேளைகளில் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியான பூட்டுகளை வாங்கித்தான் பொருத்தினார்கள். இன்றைய நேர்மையான கைவினைஞரும் குழலையும் பூட்டையும் அவற்றை மட்டுமே செய்யும் பட்டறைகளிடம் வாங்குகிறார். மரத்தில் அவற்றை மயிரிழை இடைவெளியின்றிப் பதிப்பதும், கட்டையை உருவாக்குவதும், செதுக்குவதும், சாயமேற்றுவதும் அவருடைய வேலை. அதற்கு நூறு மணி நேரத்துக்கு மேல் எளிதாகப் பிடிக்கும்.

இந்தக் கணக்கு எனக்குத் தெரியாததன்று. நல்ல குழல், நல்ல பூட்டு, வரியோடிய மேப்பிள் மரம், பித்தளை உறுப்புகள் ஆகியவற்றின் விலை மட்டுமே ஆயிரம் டாலரைத் தாண்டும். 1,450 டாலருக்கு முழுத் துப்பாக்கியைத் தருகிறவர், தம் நூறு மணி நேர உழைப்புக்கு மணிக்கு நாலைந்து டாலர்கூட எடுத்துக்கொள்ளாத புண்ணியவானாக இருக்க வேண்டும். எந்தத் தச்சரிடமும் நான் எதிர்பார்க்காத அந்தப் புண்ணியத்தை முகம் தெரியாத ஒருவரிடம் எதிர்பார்த்தேன்.

ஜூன் மாதம் பாதித் தொகையைக் கைப்பேசிச் செயலி வழியாக அனுப்பினேன். 'நண்பருக்கு அனுப்புவது' என்ற வகையில் அனுப்பினால் தமக்குக் கட்டணப் பிடித்தம் இல்லை என்று விற்றவர் கேட்டுக்கொண்டார். அந்த வகையில் அனுப்பிய பணத்துக்கு வாங்குபவருக்கான பாதுகாப்பு எதுவும் பொருந்தாது என்பதை நான் படித்துப் பார்க்கவில்லை. ஆகஸ்டில் வரவேண்டிய துப்பாக்கி செப்டம்பரில் வரவில்லை, அக்டோபரிலும் வரவில்லை. மரம் காயவில்லை, மனைவிக்கு உடல்நலமில்லை, மெருகு இன்னும் உலரவில்லை என்று மூன்று காரணங்கள் வந்தன. பருவம் நெருங்க நெருங்க என் எச்சரிக்கை உணர்வு குறைந்து அவசரம் கூடியதை அவர் என்னைவிட நன்றாக அறிந்திருந்தார் என்றே இப்போது நினைக்கிறேன். நவம்பரின் மூன்றாம் வாரம் மீதித் தொகையையும் அனுப்பிய பிறகு, தனியார் கூரியரில் பெட்டி வந்தது.

பெட்டியைத் திறந்ததும் குழல் குட்டையாக இருப்பது தெரிந்தது. அளந்தேன், முப்பத்து மூன்றரை அங்குலம். கேட்டபோது, 'அடர்ந்த காட்டில் நீளக் குழல் கிளைகளில் மாட்டும், உங்கள் நன்மைக்காகவே குறைத்தேன்' என்று பதில் வந்தது. கட்டையின் நடுவே ஒரு பித்தளைப் பட்டை சுற்றியிருந்தது. நீள் துப்பாக்கியின் கட்டை பின்முனையிலிருந்து குழல்வாய் வரை ஒரே மரமாக ஓடும் என்பதுதான் அதன் அழகு; இரண்டு துண்டுகளை ஒட்டி, ஒட்டிய இடத்தைப் பட்டையால் மறைப்பது மலிவான ஆலைத் தொகுப்புகளின் அடையாளம். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது: பழங்காலத்தில் உடைந்த கட்டைகளை இப்படித்தான் பழுதுபார்த்தார்களாம், அந்த மரபைப் போற்றி இதையும் அப்படியே செய்தாராம். புதிய துப்பாக்கியில் பழுதுபார்த்த அடையாளம் எதற்கு என்று கேட்கத் தோன்றாமல் போனதற்கு நான் மட்டுமே பொறுப்பு.

மரத்தின் வரிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் இதை யாரும் அரை நிமிடத்தில் சோதித்துவிடலாம். கர்லி மேப்பிளில் காணும் வரிகள் சாயத்தால் உண்டானவை அல்ல. மர நார்கள் அலையலையாக வளைந்து வளர்வதால் ஒளி வெவ்வேறு கோணங்களில் பட்டுத் திரும்புவதன் விளைவு. ஆகவே கட்டையைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்லச் சாய்த்தால், கறுத்திருந்த வரி வெளுக்கும், வெளுத்திருந்தது கறுக்கும், பட்டுச் சேலையின் மடிப்பில் நிறம் மாறுவதைப் போல. என் துப்பாக்கியின் வரிகள் எப்படிச் சாய்த்தாலும் அசையாமல் இருந்தன. யாரோ தூரிகையால் தீட்டியிருந்தார்கள்.

டிசம்பர் முதல் வாரம் சுடுகளத்துக்குப் போனேன். இருபது முறை மருந்து கெட்டித்தேன். ஒன்பது முறை குதிரை விழுந்தும் பொறியே பறக்கவில்லை. ஆறு முறை குழலுக்கு வெளியே உள்ள சிறு கிண்ணியில் இருந்த பற்றவைப்பு மருந்து மட்டும் 'புஸ்' என்று எரிந்து அணைந்தது. வெடித்த ஐந்து முறையும் கிண்ணி எரிந்ததற்கும் குழல் வெடித்ததற்கும் இடையில் ஒரு நொடிக்கு நெருக்கமான தாமதம் இருந்தது. எந்த மானும் அவ்வளவு நேரம் அசையாமல் நிற்காது. நான் பயன்படுத்தியது உண்மையான கருமருந்துதான். பற்றுவதற்கு அதிக வெப்பம் தேவைப்படும் மாற்று மருந்துகள் பிளிண்ட்லாக்கில் தகராறு செய்யும் என்பதால் அந்தத் தவறு நேராதபடி பார்த்துக்கொண்டேன். கல்லை மாற்றினேன், கல்லைச் சுற்றிப் பிடிக்கும் தோல் துண்டை மாற்றிப் பூட்டினேன். எதுவும் உதவவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் தமக்குத் தெரிந்த ஒரு பழைய துப்பாக்கிக் கொல்லரிடம் என்னை அழைத்துச் சென்றார். அவர் முதலில் ஓர் அரத்தை எடுத்து, கல் வந்து உரசும் எஃகு முகத்தில் மெல்ல இழுத்தார். சரியாகக் கடினமாக்கிய எஃகாக இருந்தால் அரம் கண்ணாடி மேல் போல வழுக்கும். இதில் கடித்துப் பிடித்தது. மென்மையான எஃகைக் கல் கீறிப் பள்ளமாக்குமே தவிர அதிலிருந்து சூடான பொறியைச் சீவி எடுக்காது. அது மட்டும்தான் குறை என்றால் சூடாக்கிச் சட்டெனக் குளிரவைத்துச் சரிசெய்துவிடலாம் என்றார்.

பிறகு கட்டையில் குறுக்கே செருகியிருந்த ஊசிகளைத் தட்டி எடுத்து, குழலைத் தூக்கித் திருப்பினார். மரத்துக்குள் மறைந்திருந்த அடிப்பக்கத்தில் பாதி அராவி அழித்த முத்திரைகள் இருந்தன. அவை ஸ்பெயினின் எய்பார் நகரத்தில் துப்பாக்கிக் குழல்களைச் சோதித்துக் குத்தும் முத்திரைகள். அதைவிட அவரைத் திடுக்கிட வைத்தது தீ நுழையும் துளை. அந்தக் குழல் முதலில் பிளிண்ட்லாக்குக்கு உரியதே அன்று; கல்லுக்குப் பதிலாக, தட்டினால் வெடிக்கும் சிறு செப்புக் கேப் வைத்துச் சுடும் வகைக்குச் செய்தது. கேப்புக்கான உறுப்பு திருகியிருந்த பெரிய துளையை ஒரு சாதாரணத் திருகாணியால் அடைத்து, அந்தத் திருகாணியின் நடுவே சிறு துளையிட்டிருந்தார்கள். துளை கிண்ணியின் மேல் விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். இதில் கிண்ணியின் அடிமட்டத்தை ஒட்டி இருந்ததால், மருந்து துளைக்குள் திரிபோலப் படிப்படியாக எரிந்து உள்ளே போக வேண்டியிருந்தது. நான் கண்ட தாமதத்துக்குக் காரணம் அதுதான். அந்தத் திருகாணி இரண்டரைச் சுற்று மரையில்தான் பிடித்திருந்தது. 'இது பிடுங்கிக்கொண்டு பறந்திருந்தால் உங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது, வலப்புறம் நின்று சுடுகிறவரின் கழுத்தில் போய் இறங்கியிருக்கும்' என்றார். சுடுகளத்தில் அன்று என் வலப்புறம் நின்றவர் தம் பன்னிரண்டு வயது மகளுடன் வந்திருந்தார்.

குழலைக் கழற்றிப் பார்க்க அந்தக் கொல்லருக்குப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பெட்டி வந்த அன்றே, ஒரு முறைகூடச் சுடாமல், நான் இதைச் செய்திருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்க எனக்கு ஒரு வழியாவது இருந்திருக்கும். விற்றவரோ, 'நீங்கள் சுட்டுவிட்டீர்கள், பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை' என்று ஒரு வரி எழுதிவிட்டு என் எண்ணை முடக்கிவிட்டார்.

பலரும் 'துப்பாக்கி விற்றவர் என்றால் உரிமம் இருக்குமே, அவர்மீது புகார் கொடுக்கலாமே' என்று கேட்டார்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 1968ஆம் ஆண்டின் கூட்டரசுத் துப்பாக்கிச் சட்டம், 1898ஆம் ஆண்டிலோ அதற்கு முன்போ செய்த துப்பாக்கிகளையும், குழலின் வாய்வழியே கருமருந்து கெட்டித்துச் சுடும் அவற்றின் மறுபடிகளையும் பழம்பொருள் என்ற வகையில் வைத்து, ஏனைய துப்பாக்கிகளுக்குரிய விதிகளிலிருந்து விலக்குகிறது. (மாநிலச் சட்டங்கள் வேறுபடலாம், அவரவர் மாநிலத்தில் விசாரித்துக்கொள்ளவும்.) அதனால் உரிமம் பெற்ற வணிகர் நடுவில் வராமலேயே இது வீட்டு வாசலுக்கு வந்துவிடும். வாங்குபவருக்கு இது வசதி. ஆனால் பொருளைக் கையில் வாங்கிப் பார்க்கும் மூன்றாம் மனிதரோ, விற்றவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதும் ஒருவரோ இல்லை என்பதால் ஏமாற்றுகிறவருக்கும் அதே வசதி உண்டு. எஃப்.பி.ஐ.யின் இணையக் குற்றப் புகார் மையத்தில் பதிவு செய்தேன். எண் வந்தது, வேறெதுவும் வரவில்லை. எங்கள் மாநிலத்தில் 12,000 டாலர் வரையிலான வழக்குகளை வட்டார நீதிபதியிடமே வழக்கறிஞர் இல்லாமல் தொடுக்கலாம், ஆனால் விற்றவர் வேறு மாநிலத்தில், அதுவும் உண்மைப் பெயர்தானா என்று உறுதியில்லாத பெயரில் இருக்கிறார். பணத்தை அஞ்சலக மணியார்டராக அனுப்பியிருந்தால் அஞ்சல் மோசடி என்று அஞ்சல் புலனாய்வுத் துறையை அணுகியிருக்கலாம். அவர் அஞ்சலகத்தையே தவிர்த்ததன் காரணம் இப்போது விளங்குகிறது.

நியாயமான விலைக்கு நல்ல துப்பாக்கி கிடைக்காதா என்றால், கிடைக்கும். ஆனால் நான் போன பாதையில் அன்று. 1933 முதல் இயங்கும் தேசிய வாய்வழித் துப்பாக்கிச் சங்கம் இண்டியானாவின் பிரண்ட்ஷிப் என்ற ஊரில் போட்டிகளும் சந்தையும் நடத்துகிறது. அங்கே கைமாறும் பழைய துப்பாக்கிகளைத் தொட்டு, குழலைக் கழற்றிப் பார்த்து வாங்கலாம். செய்தவர் பலவேளைகளில் பக்கத்து மேசையிலேயே இருப்பார். கணினி எந்திரத்தில் துல்லியமாக வெட்டிய உறுப்புத் தொகுப்பை வாங்கி நாமே பொருத்திக்கொள்வதும் கௌரவமான வழிதான். அதைத் தொகுப்பு என்று சொல்லியே விற்கிறார்கள். செய்யச் சொல்லி முன்பணம் கொடுப்பதாக இருந்தால், அந்தக் கைவினைஞரிடம் முன்பு வாங்கிய இருவரிடமாவது பேசுங்கள். கட்டை பாதி உருவான நிலையில் அன்றைய செய்தித்தாளை அருகில் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். உண்மையில் செய்கிறவர் இதற்குக் கோபிக்கமாட்டார், பெருமையோடு பத்துப் படங்கள் அனுப்புவார்.

கொல்லர் எஃகு முகத்தைக் கடினமாக்கித் தருவதாகச் சொன்னார், குழலைத் தொட மறுத்துவிட்டார். வேறு யாரும் அறியாமல் சுட்டுவிடக் கூடாது என்பதற்காக, நான் கேட்டுக்கொண்டபடி தீத்துளையை நிரந்தரமாகப் பற்றவைத்து மூடிக் கொடுத்தார். அதற்கு நாற்பது டாலர். அந்தப் பருவத்துக்கும் இரவல் துப்பாக்கியோடுதான் போனேன்.

சென்ற வாரம் அதே விளம்பரம் வேறொரு பெயரில் வந்திருக்கிறது. அதே சுருள் வேலை, பித்தளைப் பெட்டியின் மூடியில் அதே சிறு கீறல், 'ஒரே கைவினைஞர்' என்ற அதே தொடர். விலை மட்டும் 1,375 டாலராகக் குறைந்திருக்கிறது.