மின்பலகைப் பேருந்துக்குக் கைபேசியா, கேமராவா?

ஊர்ப்பெயரைத் தகரப் பலகையில் சாயத்தால் எழுதி முகப்பில் மாட்டியிருந்த காலம் வரையில், பேருந்துப் படம் எடுக்கக் கைபேசியே போதும் என்று வாதிட்டவர்களுள் நானும் ஒருவன். அந்த இடத்திற்கு எல்.இ.டி. பலகை வந்தபின் என் வாதம் நிலைக்கவில்லை. சென்ற ஆண்டு ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர். கேமராவை வாங்கிவிட்டேன். ஆகவே என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

எடை, விலை, சட்டைப்பைக்குள் அடங்கும் வசதி, எடுத்த கையோடு நண்பர்களுக்கு அனுப்பும் வேகம் ஆகியவற்றில் கைபேசியே முந்தும் என்பதை விளக்கத் தேவையில்லை. நெரிசலான நிலையத்தில் பேருந்தை ஒட்டி நின்று எடுக்க அதன் அகன்ற கோணமும் உதவும்.

முடிவை மாற்றியது ஷட்டர் வேகம், அதாவது ஒளி உள்ளே வரத் திறந்திருக்கும் நேரம், ஒன்றுதான். காரைக்குடி புதிய பேருந்து நிலையத்தில் ஒரு நண்பகலில் திருப்பத்தூர் வண்டியைக் கைபேசியில் எடுத்தேன். நேரில் பளிச்சென்று தெரிந்த பெயர், படத்தில் மேல் வரிசைகளை இழந்திருந்தது. ஆங்கில எழுத்தின் தலை சற்றுக் குறைந்தாலும் படித்துவிடலாம். தமிழில் மேல் வரிசை போனால் மூன்று புள்ளிகளும், ‘தி’யின் மேல்வளைவும் சேர்ந்தே போய்விடுகின்றன. ஓலைச்சுவடியில் புள்ளியின்றி எழுதியதைப் போல் அது ‘தருபபததூர’ என்று நின்றது. எட்டிப் பார்த்த நடத்துனர், “என்ன சார், எங்க போர்டுல புள்ளியவே காணோம்?” என்று கேட்டார்.

பலகையின் மேல் குற்றமில்லை. இத்தகைய பலகைகளில் எல்லா விளக்குகளும் ஒரே நேரத்தில் எரிவதில்லை. வரிசைகள் முறைவைத்து எரிந்து அணைகின்றன. கடை வாசல்களில் எழுத்து ஓடும் 32க்கு 16 புள்ளிப் பலகைகளில், பெரும்பாலும் 16 வரிசைகளும் நான்கு நான்காகவே ஒளிர்கின்றன. சுற்று மிக விரைவாக நடப்பதால் நம் கண் அதை முழு எழுத்தாகச் சேர்த்துக்கொள்கிறது. கேமராவுக்கோ, ஒரு சுற்று முடியும் வரையிலாவது ஷட்டர் திறந்திருந்தால்தான் முழுப்பெயரும் கிடைக்கும். நான் எடுத்த பலகைகளுள் பெரும்பாலானவற்றுக்கு 1/100 நொடி போதுமாயிற்று. சிலவற்றுக்கு 1/60 வரை இறங்க நேர்ந்தது.

இந்த 1/100 நொடியை உச்சி வெயிலில் யாரால் தர முடியும் என்பதே கேள்வி. நல்ல வெயிலில் ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் துளையின் அளவு; எண் கூடக் கூடத் துளை சுருங்கும்) 16 என்று வைத்தால் ஷட்டர் ஏறத்தாழ 1/100 நொடி என்பது ஃபிலிம் காலத்திலிருந்தே புகைப்படக்காரர்களின் கைக்கணக்கு. கேமராவில் லென்ஸின் துளையை அவ்வாறு சுருக்கிக்கொள்ளலாம். பெரும்பாலான கைபேசிகளிலோ துளை எஃப் 1.8 போன்ற ஓர் அளவிலேயே நிலைத்திருப்பதால், அதே வெயிலில் அவை 1/8000 நொடிக்கு அருகில் ஓடியாக வேண்டும், ஐ.எஸ்.ஓ.வை 50க்குக் குறைத்தாலும் 1/4000தான். அளவுகளை நாமே அமைக்கும் ப்ரோ மோடுக்குப் போய் 1/100ஐ வலிந்து வைத்தால் பேருந்தே வெளுத்துவிடும். ஒளியை 64இல் ஒரு பங்காகக் குறைக்கும் என்.டி. ஃபில்டரைக் கைபேசியில் கவ்வவைத்து ஈடுகட்டலாம் என்றாலும், வண்டி வளைவில் திரும்பும் அவசரத்தில் அந்தக் கவ்வி சரியாக உட்கார்ந்ததாக எனக்கு நினைவில்லை.

கேமராவிலும் எஃப் 16 வரை சுருக்கினால் கூர்மை சற்றுக் குறையும். அதனால் நான் எஃப் 11இல் நிறுத்திக்கொண்டு, மிச்ச ஒளியைக் குறைக்கப் போலரைசர் (பிரதிபலிப்பை மட்டுப்படுத்தும் ஃபில்டர்) மாட்டுகிறேன். பலகை கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதால், அதன்மேல் படியும் வானத்தின் பிரதிபலிப்பும் அதிலேயே பெருமளவு அடங்கிவிடுகிறது. தலைவலி வேறு இடத்தில் இருக்கிறது. துளை சுருங்கச் சுருங்க, சென்சாரில் (படத்தைப் பதியும் தகட்டில்) ஒட்டிய ஒவ்வொரு தூசியும் வானத்தில் கரும்புள்ளியாக எழும்; நம் செம்மண் புழுதியில் நின்று லென்ஸ் மாற்றுபவர் இதற்குத் தப்ப முடியாது. பலகையில் தொலைந்த புள்ளிகள் வானத்தில் வந்து சேர்ந்தனவோ என்று முதல் மாதத்தில் எண்ணியதுண்டு.

வண்டியின் வேகமும் ஒரு வரம்புதான். மணிக்கு 20 கிலோமீட்டரில் வரும் பேருந்து 1/100 நொடிக்குள் ஐந்தரை சென்டிமீட்டர் நகர்ந்துவிடும்; பக்கவாட்டில் எடுத்தால் கலங்கல் நிச்சயம். எதிரே வரும் வண்டியை முகப்போடு எடுத்தால் அது அவ்வளவாகத் தெரியாது. அதனால்தான் குன்றக்குடி மலை பின்னணியில் வர வேண்டும் என்று திறந்த சாலையில் நிற்கும்போது கிடைக்காத படம், வேகத்தடைக்கு அருகில் எளிதாகக் கிடைக்கிறது. வண்டியோடு கேமராவைத் திருப்பி எடுக்கும் பானிங் முறையில் நான் இன்னும் கற்றுக்குட்டியே. பத்துக்கு இரண்டு தேறினால் அதிகம்.

நான் பயன்படுத்தியவை இரண்டே கைபேசிகள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்தி சாய்ந்தபின் அவை தாமாகவே ஷட்டரைத் தாழ்த்திக்கொண்டு பலகையை முழுமையாகவே பிடித்தன. பலகை எரிந்து வெண்மையாகிவிடாமல் ஒளியளவை ஒரு படி குறைத்தால் போதும். ஆறரை மணிக்கு மேல் வரும் தேவகோட்டை வண்டிக்கு நான் கேமராப் பையைத் திறப்பதில்லை; கைபேசியையே எடுக்கிறேன்.