மட்டுப்படுத்தப்பட்டதா, வரையறுக்கப்பட்டதா?

கொழும்பில் 'லிமிட்டெட்' என்பதைத் தமிழில் எழுதவேண்டி வந்தால், கைக்கு எது முதலில் வருகிறதோ அதைப் போட்டுவிடுகிறோம். வரையறுக்கப்பட்ட, மட்டுப்படுத்தப்பட்ட இரண்டும் ஒன்றுதானே என்ற எண்ணம். ஒன்றில்லை.

வரை என்றால் கோடு, எல்லை. வரையறுப்பது எல்லை கீறுவது. கம்பனிப் பெயருக்கு அதுதான் சரி. அங்கே எல்லை கீறப்படுவது பங்குதாரரின் பொறுப்புக்கு: கம்பனி கடனில் மூழ்கினாலும், தன் பங்குக்குக் கட்டாமல் விட்ட மீதிக்கு மேல் அவரிடம் கேட்க முடியாது. 'மட்டுப்படுத்தப்பட்ட கம்பனி' என்று எழுதினால், கம்பனியின் வேலையையே யாரோ குறைத்துவிட்டதுபோல் ஆகிவிடும்.

மட்டு என்பது அளவு. வீட்டில் "சீனி மட்டுமட்டாய்த்தான் இருக்கு" என்கிறோமே, அதே மட்டு. முன்பு தாராளமாகக் கிடைத்ததை ஒருவர் குறைத்து அளந்து தருவதுதான் மட்டுப்படுத்தல். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, தொடக்கத்தில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர், ஓட்டோவுக்கு 5 லீற்றர். அதை வேறெந்தச் சொல்லால் சொல்வது? வேலைநிறுத்த நாளில் 'மட்டுப்படுத்தப்பட்ட ரயில் சேவை' என்றாலும் கோட்டை நிலையத்தில் நிற்பவருக்கு உடனே விளங்கும். 'வரையறுக்கப்பட்ட சேவை' என்றால் விளங்காது. வரையறை என்பதற்கு இலக்கணம், விளக்கம் என்ற பொருளும் உண்டல்லவா.

அதிகாரத்துக்கு இரண்டுமே எனக்கு ஒத்துவரவில்லை. 'வரம்புக்குட்பட்ட அதிகாரம்' நன்றாக இருக்கிறது. வயல் வரம்பைப் பார்த்தவருக்கு அதற்கு அகராதி வேண்டாம்.

ஆனால் எல்லா இடத்திலும் இந்த நீளச் சொற்கள் தேவையா? வெள்ளவத்தையில் ஒரு மருந்துக்கடைக் கண்ணாடியில் 'மட்டுப்படுத்தப்பட்ட இருப்பே உள்ளது' என்று ஒட்டியிருந்தார்கள். அம்மம்மா துண்டுச்சீட்டைக் கையில் பிடித்தபடி எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, "இருக்காமோ, முடிஞ்சுதாமோ?" என்று கேட்டார்.

"கொஞ்சந்தான் இருக்காம், அம்மம்மா."

"அப்ப அப்பிடியே எழுதலாந்தானே" என்றார்.

எழுதலாம். 'கொஞ்சமே உள்ளது' இரண்டே சொல். வயதானவர்கள் மருந்துக்கு வந்து நிற்கும் இடத்தில் நான் அதைத்தான் எழுதுவேன். கம்பனிப் பத்திரத்துக்கு வரையறுக்கப்பட்ட, பங்கிட்டு அளந்து தருவதற்கு மட்டுப்படுத்தப்பட்ட. பெயர்ப்பலகையில் 'பிரைவேட் லிமிட்டெட்' என்றே தமிழெழுத்தில் போட்டிருந்தால், அதையும் நான் குறை சொல்லமாட்டேன். அது பதிவான பெயரின் ஒரு பகுதி.