வேலூரில் ஜீப் கட்டுபவர்கள் கவனத்துக்கு: ஸ்டியரிங்கைத் தலைகீழாக்கிய பட்டறை

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் பழைய ஜீப்பைப் பிரித்துப் புதிதாகக் கட்டிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வேலூரில் ஒரு பட்டறையில் ஸ்டியரிங் வேலைக்கு மட்டும் 38,000 ரூபாய் கொடுத்தேன். திரும்பி வந்ததோ, வளைவுக்கு வளைவு டயரைத் தின்னும் வண்டி.

ஜீப்பில் பெரிய டீசல் இன்ஜின் வைத்தேன், ஆர்.சி.யிலும் மாற்றம் முறையாக ஏறியிருக்கிறது. அந்த இன்ஜினின் அடியில் இருக்கும் ஆயில் சம்ப் (எண்ணெய்த் தொட்டி), முன்சக்கரங்கள் இரண்டையும் இணைத்து முன் அச்சுக்குப் பின்னால் ஓடும் டை ராடில் இடித்தது. ராடை அச்சுக்கு முன்னால் கொண்டுவந்துவிடலாம் என்றார் பட்டறைக்காரர். யோசனையில் தவறில்லை. செய்த விதம்தான் வயிற்றெரிச்சல். சக்கரத்தையும் ராடையும் இணைக்கும் ஸ்டியரிங் ஆர்ம்களில் இடப்பக்கத்ததை வலப்பக்கமும் வலப்பக்கத்ததை இடப்பக்கமும் மாற்றி, முன்னோக்கி மாட்டிவிட்டார்.

கிங்பின்னிலிருந்து (சக்கரம் திரும்பும் அச்சாணி) பால் ஜாயிண்ட் (ஆர்மும் ராடும் சேரும் மூட்டு) நடுவழியாக இருபுறமும் நூல் பிடித்தால், இரண்டும் பின் அச்சின் நடுப்பகுதியை ஒட்டிச் சந்திக்க வேண்டும். அப்போதுதான் திருப்பத்தில் உள்சக்கரம் அதிகமாகவும் வெளிச்சக்கரம் குறைவாகவும் திரும்பும். ராட் முன்னால் வந்தால் ஆர்ம்கள் வெளிநோக்கிச் சாய வேண்டும். பிரேக் டிரம்மும் ரிம்மும் அதற்கு இடம் தராது. அந்தத் தலைவலிக்குள் அவர் போகவே இல்லை. என் வண்டியில் நூல்கள் பம்பருக்கு முன்னால் போய்ச் சந்திக்கின்றன! உள்சக்கரம் 20 டிகிரி திரும்பினால் வெளிச்சக்கரம் ஏறக்குறைய 17 டிகிரிதான் திரும்ப வேண்டும். இங்கே அது 22-ஐத் தாண்டுகிறது. மெதுவாக ஒடித்துத் திருப்பினாலே டயர் கிறீச்சிடும். ஓரக் கட்டைகள் ரம்பப் பல்லாகத் தேய்ந்துவிட்டன.

கேட்டபோது அலைன்மென்ட் சீட்டை நீட்டினார். சக்கரங்களை நேராக நிறுத்தி, டோ-இன் (முன்பக்கம் சக்கரங்கள் உள்நோக்கிச் சாயும் அளவு) பார்த்த சீட்டு அது. நேராக நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருக்கும். டர்ன் பிளேட்டில் (சக்கரத்தோடு சுழன்று கோணம் காட்டும் தட்டு) ஏற்றித் திருப்பிப் பார்க்காதவரை இந்தக் கோளாறு எந்தச் சீட்டிலும் வராது. "ஓட்ட ஓட்டப் பழகிவிடும் சார்" என்று வேறு சொன்னார்.

இதைவிடக் கொடுமை, ஸ்டியரிங் பெட்டியின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் கம்பியான டிராக் லிங்க். நீளம் பொருந்தாமல் நடுவில் வெட்டி, முனைக்கு முனை வைத்து வெல்டிங் செய்து, தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்திருந்தார். ராணிப்பேட்டையில் ஒரு பழைய லாரி மெக்கானிக் பெயின்ட்டைச் சுரண்டிக் காட்டினார்: உள்ளே ஸ்லீவ் (இணைப்பைத் தாங்கும் குழாய்) கிடையாது, வெல்டிங் பற்று மேலோடு நிற்கிறது, அதை ஒட்டி மயிரிழை விரிசல். அந்த லிங்க் அறுந்தால் ஸ்டியரிங் கையில் சும்மா சுற்றும். பெங்களூரு நெடுஞ்சாலையில் குடும்பத்தோடு போன வண்டி இது.

பில் கேட்டதற்கு "ஸ்டியரிங் வேலை" என்று மட்டும் எழுதிய துண்டுச்சீட்டு கிடைத்தது. எந்தப் பாகம், என்ன வேலை, ஒன்றும் இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டேன். போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். நூல் பிடித்த படங்களையும் வெட்டிய லிங்க்கையும் வைத்திருக்கிறேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம், மனு தயாராகிறது. வேலூரில் இப்படி ராடை முன்னால் மாற்றி வாங்கியவர்கள், அடுத்த முறை வண்டியை எடுக்கும் முன் நூல் பிடித்துப் பாருங்கள். டிராக் லிங்க்கின் பெயின்ட்டையும் கொஞ்சம் சுரண்டிவிடுங்கள்.