ரெண்டு நாள்தான் லீவு, மதுரையா தஞ்சாவூரா?

வெள்ளிக்கிழமை ராத்திரி சென்னைல ரயில் ஏறணும், ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்ப ரயில் ஏறணும், நடுவுல முழுசா ரெண்டு பகல் ஒரு ராத்திரி, அம்மாவும் கூட வர்றாங்க, மதுரை போலாமா தஞ்சாவூர் போலாமான்னு என் சித்தி பொண்ணு கேட்டா. நான் ரெண்டு ஊருக்கும் இந்த மாதிரி ரெண்டு நாள் பயணமா பல தடவை போனவன், அவகிட்ட சொன்னதையே கொஞ்சம் விரிவா எழுதறேன்.

எல்லாரும் மீனாட்சி கோயிலா பெரிய கோயிலான்னு பாத்துதான் முடிவு பண்றாங்க. ஆனா காலைல எந்தக் கோயிலுக்குப் போனாலும் மனசு நிறைஞ்சிடும், அதுல தராசே வேண்டாம். 12:30 வாக்குல ரெண்டு இடத்துலயும் சன்னதி நடை சாத்திடுவாங்க, மறுபடி 4 மணிக்குதான். அந்த மத்தியானத்துக்கும், ராத்திரி எட்டரைக்கு மேலயும் ஊர்ல உங்களுக்கு என்ன இருக்கு, அத வச்சு முடிவு பண்ணுங்க.

ராத்திரின்னு வந்தா மதுரைதான், பேச்சே இல்ல. ஒன்பது மணிக்கு மேல பள்ளியறை பூஜை, சொக்கநாதர் பாதத்த பல்லக்குல வச்சு மேளதாளத்தோட அம்மன் சன்னதிப் பள்ளியறைக்குக் கொண்டு போவாங்க. தினமும் நடக்கற விஷயம்தான், ஆனா அந்தப் புகை, சாம்பிராணி வாசனை, கூட நடந்து வர்ற உள்ளூர்க்காரங்க முகம், இதெல்லாம் பாத்துட்டு வெளிய வந்தா சித்திர வீதி இன்னும் முழிச்சிட்டுதான் இருக்கும். கோயிலச் சுத்தி சித்திர வீதி, அதுக்கு வெளிய ஆடி வீதி இல்ல, ஆவணி மூல வீதி (ஆடி வீதி மதிலுக்கு உள்ளயே இருக்கு, புதுசா வர்றவங்க இதுல குழம்புவாங்க), அப்புறம் மாசி வீதி. அப்படியே சதுரம் சதுரமா நடந்துகிட்டே போகலாம், பத்து மணிக்கு மேலயும் சூடா இட்லி, பரோட்டா, கறி தோசை, கடல்பாசி போட்ட ஜிகர்தண்டா எல்லாம் கிடைக்கும்.

ஒரு முக்கியமான விஷயம், 2018-ல கோயில்ல நடந்த தீ விபத்துக்கப்புறம் உள்ள செல்போன் கொண்டு போக விடறதில்ல. அதனால குடும்பமா போனா உள்ள நுழையறதுக்கு முன்னாடியே எங்க சந்திக்கணும்னு பேசி வச்சுக்கோங்க, பொற்றாமரைக் குளத்துப் படிக்கட்டு நல்ல இடம். ஒரு தடவை எங்க பெரியம்மாவ அரை மணி நேரம் தேடினோம், அவங்க பாட்டுக்கு முக்குறுணிப் பிள்ளையார்கிட்ட நின்னுட்டு இருந்தாங்க.

மதுரை மத்தியானம் சுமார்தான். 1636-ல கட்டின திருமலை நாயக்கர் மகால் இருக்கு, அந்தத் தூண்கள நிமிந்து பாத்தா கழுத்து வலிக்கும், ஆனா ஒரு மணி நேரத்துல முடிஞ்சிடும். தமுக்கத்துல ராணி மங்கம்மாள் அரண்மனைல இருக்கற காந்தி மியூசியத்த மட்டும் தயவுசெஞ்சு விடாதீங்க, அவரு சுடப்பட்டப்ப உடுத்தியிருந்த ரத்தக்கறை படிஞ்ச துணி அங்க இருக்கு. 1921-ல அவரு அரையாடைக்கு மாறினதும் இதே மதுரைல, மேலமாசி வீதிலதான், அது தெரிஞ்சுகிட்டு அந்தத் துணி முன்னாடி நின்னா வாய்ல வார்த்தையே வராது. 2023-ல திறந்த கீழடி அருங்காட்சியகம் ஊருக்கு வெளிய இருக்கு, வண்டி வேணும்.

இப்ப தஞ்சாவூர். இங்க மத்தியானம்தான் பொக்கிஷம், நிறைய பேரு அத ரூம்ல ஏசி போட்டுத் தூங்கியே கழிச்சிடறாங்க, எனக்கு அது ரொம்ப வருத்தம். அரண்மனைக்குள்ள இருக்கற கலைக்கூடத்துக்குப் போங்க. திருவெண்காட்டுலேர்ந்து வந்த ரிஷபவாகன தேவர் செப்புத்திருமேனி அங்க இருக்கு, 1011-ம் வருஷத்தது. சிவன் காளை மேல கைய ஊன்றி நிக்கற மாதிரி செஞ்சது, காளை இப்ப இல்ல, ஆனா அந்தக் கை காத்துல சாஞ்சிருக்கற அழகுல காளை அங்கயே நிக்கற மாதிரி தோணும். தலைல பாம்பையே தலைப்பாகையா சுத்தியிருப்பாரு. நான் அது முன்னாடி மட்டும் அரை மணி நேரம் நின்னிருக்கேன். பக்கத்துலயே சரசுவதி மகால் நூலகத்தோட சின்ன மியூசியம், அதுக்கு என்னிக்கு விடுமுறைன்னு மட்டும் பாத்துட்டுப் போங்க.

நாலரை மணிக்கு மேல பெரிய கோயில். 1010-ல முடிச்ச கோயில், 216 அடி விமானம், இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். நிழல் தரைல விழாதுன்னு இன்னும் கைடுங்க சொல்லிட்டு இருக்காங்க, அது உண்மையில்ல, சாயங்காலம் விமானத்தோட நிழல் நந்தி இருக்கற பக்கமா நீளமா விழும், நீங்களே நின்னு பாக்கலாம். அதவிட சுவத்துல இருக்கற கல்வெட்டப் பாருங்க. நாம் குடுத்தனவும் நம் அக்கன் குடுத்தனவும்னு ராஜராஜன் ஆரம்பிக்கிறாரு, தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில்ல ஆடின பொண்ணுங்க, 400 பேரோட பேரு, யாருக்கு எந்தத் தெருவுல எந்த வீடுங்கற வரைக்கும் வெட்டி வச்சிருக்காங்க. ராஜா பேரு பொறிக்கறது எங்கயும் உண்டு, ஆடின பொண்ணுங்க வீட்டு விலாசம் ஆயிரம் வருஷமா நிக்குதே!

ஆனா எட்டரைக்கு கோயில் நடை சாத்தினதும் ஊரும் கிட்டத்தட்ட அடங்கிடும். சாப்பாட்டுக்கும் மதுரை அளவுக்கு ஆசைப்படாதீங்க. ரெண்டாவது நாளுக்கு கார் வச்சுக்கறது நல்லது, தாராசுரம், கும்பகோணம் எல்லாம் 40 கிலோமீட்டருக்குள்ளதான், கங்கைகொண்ட சோழபுரமும் சேத்தா மூணு சோழர் கோயிலும் ஒரே பயணத்துல முடிஞ்சிடும். மதுரைல கார் இல்லாமலே ஓட்டிடலாம், ஆட்டோ, டவுன் பஸ், கால் நடை, போதும்.

பசங்களோட, ஃப்ரெண்ட்ஸோட போனா நான் மதுரைன்னுதான் சொல்லுவேன். ஆனா சித்திக்கு முட்டி வலி, கூட்டத்துல வரிசைல நிக்க முடியாது, ஒன்பது மணிக்குப் படுத்துடுவாங்க, புல்தரைல சாஞ்சு உக்காந்து கோபுரத்தப் பாக்கறதுன்னா அவங்களுக்கு அவ்ளோ பிரியம். தஞ்சாவூருக்கே போடுன்னுட்டேன். டிக்கெட் போட்டாச்சு. காலைல பத்து மணிக்கு மேல வெயில்ல பெரிய கோயில் கருங்கல்லு தரைல கால வைக்க முடியாது, சித்திக்கு ஒரு ஜோடி கெட்டியான சாக்ஸ் எடுத்து வைன்னு சொல்லியிருக்கேன்.